கூஃபாவின் கதவும் உத்திரமேரூரின் குடமும்

மார்கழி பிறந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இரவில், சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே சுங்குவார்சத்திரத்தின் அருகில் இளம்பெண்கள் திரள்திரளாக வந்து சாலையில் அமர்ந்தனர். கைபேசிகளைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அவர்கள். பெரும்பாலோர் தொலைவான மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். அவ்விடுதிகளுள் ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். சேர்க்கப்பட்ட தோழியரின் நிலை என்ன என்று தவித்தவர்களுக்கு ஐயம் தீரும்படியான விடை கிட்டவில்லை. சிலர் இறந்துபோனார்கள் என்ற பேச்சு கைக்குக் கை, கைபேசிக்குக் கைபேசி பரவியது. அந்தப் பேச்சே அவர்களைச் சாலைக்கு அழைத்து வந்தது.

உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆனால் பொழுது விடிந்த பின்னரும் நெடுஞ்சாலை அசையவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அப்பெண்களிடம் பேச வேண்டியதாயிற்று. தொழிற்சாலை மூடப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தங்கும் விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை, அங்கே பொருள் செய்து வாங்கும் ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசியோர் பலரும் வதந்தியைப் பரப்பியவர் யார் என்றே கேட்டனர். நாம் வேறொன்றைக் கேட்க விரும்புகிறோம். வதந்தி வந்து அமர்வதற்கு முன், அந்த இருக்கை யாருக்குரியதாக இருந்தது? பதினெட்டும் இருபதும் வயதான பெண்கள் இரவு உணவுக்குப்பின் கூடிப் பேசும் இடத்தில், அவர்களுக்குப் பொறுப்பானவர் ஒருவர் வாரம் ஒருமுறையேனும் வந்து அமர்ந்து, 'என்ன குறை?' என்று கேட்டிருந்தால், அன்றிரவு அவர்கள் யாருடைய சொல்லை நம்பியிருப்பார்கள்?

மக்கள் பேசுகிற இடத்துக்குத் தலைவர் வந்து அமர்வது ஒரு பெருந்தன்மை என்று பலர் கருதுகின்றனர். அது பெருந்தன்மை அன்று. தலைமையின் முதற்கடமை என்பதே வரலாறு நமக்குத் தரும் பாடம். அதனைச் சில சான்றுகளால் இங்கே விளக்க முற்படுகிறோம்.

சந்தை இரைச்சலும் ஒரு கதவும்

ஹிஜ்ரீ 17ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638 அளவில், இராக்கில் கூஃபா நகரம் எழுந்தது. அதனை அமைத்தவர், காதிஸிய்யாப் போரில் பாரசீகப் பேரரசை முறியடித்த படைத்தலைவர் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். ஆளுநராக அவர் வாழ்ந்த மாளிகை சந்தையை ஒட்டியிருந்தது. வணிகரின் கூச்சல் உள்ளே பேசுவதற்கும் இடையூறாயிற்று. ஆகவே ஒரு கதவு அமைத்து அதனைச் சாத்திக்கொண்டார்கள். வேறொன்றும் இல்லை, ஒரு கதவு.

ஆனால் ஊரார் அதனை 'ஸஃதின் கோட்டை' என்று அழைக்கத் தொடங்கினர். 'இந்த இரைச்சலை என்னிடமிருந்து அகற்றுங்கள்' என்று ஆளுநர் கூறியதாக ஒரு பேச்சும் கிளம்பியது. செய்தி மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அழைத்து, நேரே கூஃபா சென்று அக்கதவை எரித்துவிட்டு, வேறெதிலும் தலையிடாமல் திரும்பும்படி பணித்தார்கள். அவர் சென்றார், விறகு வாங்கினார், கதவை எரித்தார், திரும்பினார். வரலாற்றாசிரியர் தபரீ இதனை விரிவாக எழுதிவைத்துள்ளார்.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது இறுதிப் பகுதி. மக்கள் தம்மீது சுமத்திய அந்தச் சொல்லைத் தாம் சொல்லவே இல்லை என்று ஸஃது (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். கலீஃபாவும் அதனை நம்பினார்கள். சொல்லாத சொல் ஒன்று ஊர் முழுவதும் உலவியது எப்படி? கதவு சாத்தியிருந்ததால்தான். தலைவர் தெருவில் இருந்தால் அவர் வாயிலிருந்து வருவதே அவருடைய சொல். அவர் கதவுக்குப் பின்னே இருந்தால், கதவுக்கு வெளியே நிற்பவர் கற்பிப்பதெல்லாம் அவருடைய சொல்லாகிவிடுகிறது. கூஃபாவின் கதவுக்கும் சுங்குவார்சத்திரத்தின் இரவுக்கும் இடையே ஏறத்தாழ 1,400 ஆண்டுகள். ஆயினும் நோய் ஒன்றே.

உமர் (ரலி) அவர்கள் பிறருக்கு விதித்ததைத் தாமும் கடைப்பிடித்தார்கள். ஷாம் நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் ஸர்க் என்னுமிடத்தில், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முன்னேறுவதா, திரும்புவதா? அவர்கள் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் இரண்டுபட்டது. பின்னர்க் குறைஷியரின் முதியோரைக் கேட்டார்கள். அவர்கள் ஒருமுகமாகத் திரும்பிவிடச் சொன்னார்கள். அம்முடிவை அபூ உபைதா (ரலி) அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மறுத்து வினவினார்கள். கலீஃபா சினந்து எழுந்து போகவில்லை. மேய்ச்சல் நிலத்தை உவமையாகக் காட்டி விடை சொன்னார்கள். அதுவரை அங்கில்லாத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்த பின்னரே, இது பற்றிய நபிமொழி ஒன்று அவரிடம் இருப்பது தெரிந்தது. பலரையும் கேட்டுக்கொண்டே இருந்தமையால் அல்லவா அறிவுடைய ஒருவர் வந்து சேரும்வரை பேச்சு முடியாதிருந்தது!

மன்னனின் ஆள் வந்து அமர்ந்தான்

அரபு நாட்டை விட்டு இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இன்று மோட்டார் வண்டிகளும் இயந்திரங்களும் உருவாகும் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சென்று, பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். ஒரே மாவட்டம், ஒரு முற்பகலில் போய்த் திரும்பலாம். பேரூந்துகளில் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர்களில் எத்தனை பேர் அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரைக் கண்டிருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மதுரை கொண்ட முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919லும் 921லும், வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் அச்சுவரில் உள்ளன. தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வி. வெங்கையா அவற்றை வெளியிட்டு விளக்கிய பிறகு அவை உலகப் புகழ் பெற்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். எனினும் பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு செய்தி அவற்றில் உண்டு. நமது பொருளுக்கு அதுவே முதன்மையானது.

ஊரின் வாரியங்களுக்கு ஆள் தேர்வதில் சீர்கேடு நுழைந்திருந்தது. அதைத் திருத்த மன்னன் ஓலை அனுப்பினான். ஓலையோடு நிற்கவில்லை. 919இல் தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி மன்னனின் ஆணைப்படி வந்து அந்த மகாசபையாருடன் உடனிருந்தார். 921இல் சோமாசிப் பெருமாள் என்பவர் அவ்வாறே வந்து இருந்தார். ஆனால் கல்வெட்டு அதிகாரியின் வாயிலாகப் பேசவில்லை. அது சபையின் வாயிலாகப் பேசுகிறது. இன்னார் உடனிருக்க, நாங்கள் இவ்வாறு ஏற்பாடு செய்துகொண்டோம் என்ற முறையில் அமைந்துள்ளது. மன்னன் கட்டளையிட்டிருக்கலாம், அவனுடைய ஆள் சபையிலிருந்து எழுந்து நின்று தீர்ப்புரைத்திருக்கலாம். ஆயினும் முடிவு 'நாங்கள்' என்ற சொல்லிலேயே எழுதப்பட்டது. தலைவர் அவையில் அமர்வதற்கும் அவையை விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மற்றொன்றும் காண்க. இரண்டே ஆண்டுகளில் மீண்டும் ஒரு கூட்டம் ஏன்? முதல் ஏற்பாடு நிறைவாக அமையவில்லை என்பதே காரணமாதல் வேண்டும். முன்னர் 30 முதல் 60 வயது என்றிருந்த தகுதியை 35 முதல் 70 என்று மாற்றினர். மேலும் பல தகுதிகளையும் தடைகளையும் நுணுக்கமாக வகுத்தனர். ஒருமுறை வந்து மாலை பெற்றுப் போவதல்ல அவையில் அமர்தல்; செய்தது சரியாக நடக்கிறதா என்று மீண்டும் வந்து அமர்தலே அமர்தல்.

வகுத்த விதிகளைச் சுருங்கச் சொல்வோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராதல் வேண்டும். வேதமும் அதன் விளக்கமும் கற்றுப் பிறருக்குச் சொல்ல வல்லவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் கூடாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பிறர்பொருள் கவர்ந்தவர் கூடாது.

தகுதியுடையோரின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாக மகாசபை கூடும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் சபைக்குள் அமர்த்தப்படுவர். அவர்களுள் மூத்தவர் அனைவரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை நடுவராகிய மத்தியஸ்தர் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் ஏற்பார், உரக்கப் படிப்பார். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதை மீண்டும் படிப்பர். இப்படி 30 பேர். அவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பணிக்காலம் 360 நாட்கள்.

விரல்களை விரித்து ஏற்க வேண்டும் என்று ஏன் எழுதினார்கள்? மூடிய கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் அல்லவா! குடத்தை ஏன் உயர்த்த வேண்டும்? தரையில் இருந்தால் பின்வரிசையில் இருப்பவர் காணார். ஐயம் எழுவதற்கு முன்னரே அதற்கு விடை கொடுத்துவிடும் ஏற்பாடு இது. வதந்திக்கு மருந்து மறுப்பு அறிக்கை அன்று. விரிந்த கையே மருந்து.

இவ்வளவு புகழ்ந்தாலும் உண்மையை மறைத்தல் ஆகாது. அச்சபை நிலமுடைய அந்தணர்களின் சபை. அந்த ஏரியின் நீரால் வயலை உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. பெண்ணுக்கு இல்லை. கையை விரித்தவர்கள் வாயிலைக் குறுக்கியே வைத்திருந்தனர். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது முறையை. திருத்த வேண்டியது எல்லையை.

தென்பாண்டி நாட்டில், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மானூரில், இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்றும் உண்டு. சபையில் கூறப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்றே எதிர்மொழி கூறிக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அச்சபையார் விதித்தனர். வந்து அமர்வது மட்டும் போதாது. முட்டுக்கட்டையாக அமர்வதும் குற்றமே என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

பெரம்பூரில் ஒரு கடைத்திண்ணை

சோழர் காலத்திலிருந்து தொழிற்சாலைகளின் காலத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் இன்று எழும் வினாக்கள் யாவும் ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னைப் பெரம்பூரில் எழுந்தவையே. பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகள் அங்கிருந்தன. ஆலையின் அருகே செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இரு வணிகர்கள் இருந்தனர். அவர்கள் நடத்திவந்த பக்திச் சபையின் சொற்பொழிவுகளுக்கு ஆலைத் தொழிலாளரும் வருவர். சொற்பொழிவு முடிந்தபின் தம் துயரங்களைச் சொல்வர். நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைப்பதும், தாமதித்தால் கதவு அடைபடுவதும் அவர்கள் சொல்லிய குறைகளுள் அடங்கும். இங்கும் ஒரு கதவு!

அவ்விருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் உடனுழைப்பாளரான பி.பி. வாடியாவை நாடினர். வாடியா பார்ஸி, தமிழ் அறியாதவர், அரசியலில் பெரும்பெயர் பெற்றவர், 1917இல் பெசன்ட் அம்மையாருடன் காவலில் வைக்கப்பட்டவர். அவர் தம் அலுவலகத்திலிருந்து அறிக்கை எழுதி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பெரம்பூருக்கே வந்தார். மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசினார், கேட்டார், மீண்டும் மீண்டும் வந்தார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அறிஞர் பலர் இதனையே கூறுவர். தமிழ்ப்பெரியார் திரு.வி.க. அதில் இறங்கி உழைத்தார். மக்கள் கூடிப் பேசிய ஒரு பக்திச் சபைக்குள் ஒரு தலைவர் வந்து அமர்ந்ததால் விளைந்தது இது.

இதே ஆலைகளின் வரலாற்றில் ஒரு துயரப் பக்கமும் உள்ளது. 1921இல் ஒரு பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் எல்லோரும் ஒருமித்து நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமும், அவர்கள் மறுபுறமுமாகப் பகை மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பின்னர்த் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. நம் சமுதாயத்தவரும் அந்தப் பகையில் ஒரு பங்கினராக இருந்தனர் என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஆலையில் ஒரே சங்கொலிக்கு எழுந்தவர்கள், ஒரே பாயில் அமர்ந்து பேசத் தவறினர். அவையிலே ஒருவரின் இருக்கை விடுபட்டால், அவர் தெருவிலே எதிர்ப்படுவார்.

சட்டமும் சபையும்

இந்நாட்டுச் சட்டம் இவ்வுண்மையை அறியாததன்று. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், நிர்வாகத்தாரும் தொழிலாளரும் அமர்ந்து பேசும் குழுவை அமைக்க வழி செய்தது. தொழிலாளர் தரப்பினர் நிர்வாகத் தரப்பினரைவிடக் குறைதல் கூடாது என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. ஆயினும் குழு என்பது காகிதத்தில் இருப்பது வேறு; முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர் அதில் வந்து அமர்வது வேறு.

2024 செப்டம்பர் 9ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. ஊதியக் கோரிக்கையும் இருந்தது. எனினும் தம் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே தொழிலாளரின் தலையாய கோரிக்கை. எங்களுக்காகப் பேச எங்களவரை ஏற்று எதிரே அமருங்கள் என்பதுதானே இதன் பொருள்! முடிவில் தமிழக அமைச்சர்கள் இரு தரப்பாருடனும் அமர்ந்து பேசினர். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. எத்தரப்பு நியாயம் மிகுதி என்று தீர்ப்புரைப்பது நமது வேலையன்று. முப்பத்தேழாம் நாள் அமர்ந்தவர்கள் முதல் நாளே அமர்ந்திருக்கலாகாதா என்பதே நமது வினா.

ஊராட்சிகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வாக்காளர் அனைவரும் கிராமசபையின் உறுப்பினர். உத்திரமேரூர்க் கல்லில் இடம்பெறாத உழவனும் பெண்ணும் இங்கே உறுப்பினராகிவிட்டனர். இது பெரியதோர் அறம். 2021 அக்டோபர் 2ஆம் நாள், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டியின் கிராமசபைக்கு நேரில் சென்று மக்களோடு அமர்ந்தார். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை பல்லாண்டுகள் தேர்தலே நிலைபெறாதிருந்த ஊர் அது. பல ஊர்களில் மறந்துபோன ஒரு சபையை ஓர் இருக்கை நினைவூட்டியது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இதிலும் ஓர் இடைவெளி உண்டு. வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வாழும் ஆயிரக்கணக்கானோரின் வாக்கு வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் உள்ளது. ஊரில் உறங்குகின்றனர், ஊரின் சபையில் உறுப்பினர் அல்லர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெருங்குடியிருப்பு 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் திறக்கப்பட்டது. பாராட்டத்தக்க பணி. சுவரும் கூரையும் கட்டிலும் அமைந்துவிட்டன. அவர்களிடையே வந்து அமரும் தலைவர்களும் அமைந்துவிட்டால் பணி நிறைவாகும்.

நம் பள்ளிவாசலின் பாய்

பிறரைக் குறித்து இவ்வளவு எழுதியபின் நம்மைக் குறித்து எழுதாது விடுதல் நேர்மையன்று. அப்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு மஹல்லாவில் நாம் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தோம். முன்பு வெள்ளிக்கிழமைகளில் மூன்று வரிசை நிரம்பும் பள்ளி அது. தொழிற்சாலைகள் வந்தபின் முற்றமும் நிரம்பியது. பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். தொழுதவுடன் எழுந்து வேலைக்கு ஓடுவர். ஜமாஅத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. சந்தாக் கணக்கிலும் இல்லை.

ஒருநாள் அவர்களுள் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். உடல் அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பப்பட்டது. மறுவாரமே, 'வெளியூரான் என்று மையவாடியில் குழி தர மறுத்துவிட்டார்கள்' என்ற பேச்சு அந்த அறைகளில் பரவியது. வெள்ளிக்கிழமை முற்றம் பாதி காலியாயிற்று. உண்மையில் குழி கேட்டு எவரும் வரவில்லை, மறுத்தவரும் இல்லை. மகனின் முகத்தைக் காண வேண்டும் என்று அவன் தாய் கேட்டதால் உடலை அனுப்பினர். இதை முத்தவல்லியிடம் கூறி, அவர்களோடு அமர்ந்து பேசலாமே என்றோம். 'ஹஜ்ரத், நாம் செய்யாத தவறுக்கு நாமே போய் விளக்கம் சொல்வதா?' என்றார். நாமும் அத்துடன் நிறுத்திக்கொண்டோம். அரைகுறையாயினும் உருது பேசத் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் நாம் ஒருவரே. அவ்வாறிருந்தும் மூன்று வாரம் வாய்மூடி இருந்தோம். ஸர்க் நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அதே வாய்!

மூன்றாம் வாரம், எழுபது வயதான மோதினார் ஒரு காரியம் செய்தார். இஷாத் தொழுகைக்கு வந்த நாலைந்து இளைஞரைக் கையைப் பிடித்து முற்றத்துப் பாயில் உட்காரவைத்தார். பின் முத்தவல்லியின் வீட்டுக்குப் போய், 'அத்தா, உங்களுக்காக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று மட்டும் சொன்னார். அவரும் வந்தார். நாற்காலி கொண்டுவரப்பட்டது, அதை விலக்கிவிட்டுப் பாயில் அமர்ந்தார். நாம் மொழிபெயர்த்தோம். மையவாடி பற்றிய செய்தி கால்மணி நேரத்தில் தெளிவாகிவிட்டது. அதன்பின் ஒருமணி நேரத்துக்கு மேல் அவர்கள் பேசியது வேறு: நான்கு பேருக்குரிய அறையில் பத்துப் பேர் உறங்குவது, இரவு வேலை முடிந்து வருபவனுக்கு ஸஹர் உணவு கிட்டாதது, நோயுற்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாதது. அவற்றுள் சிலவற்றை ஜமாஅத்தால் செய்ய முடிந்தது. சிலவற்றைச் செய்ய முடியவில்லை. முடியாததை முடியாது என்றே முத்தவல்லி சொன்னார். அதற்காக எவரும் அவரை வெறுக்கவில்லை. அடுத்த வெள்ளியன்று முற்றம் நிரம்பியிருந்தது.

உஹதுப் போருக்கு முன்னர், மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். வெளியே சென்று போரிட வேண்டும் என்று இளையோர் ஆர்வத்துடன் வற்புறுத்தியபோது, அவர்கள் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். களத்தில் பேரிழப்பு நேர்ந்தது. இனி இவர்களைக் கலந்துகொள்ள வேண்டாம் என்று கூறுவதற்கு அதைவிடத் தக்க தருணம் வேறில்லை. அப்போரை ஒட்டி அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனமோ, அவர்களை மன்னித்து அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியே பணித்தது. மஷ்வரா என்பது எப்போதும் வெற்றி தரும் உபாயம் என்பதால் கட்டளையிடப்பட்டதன்று. தோற்ற பின்னும் விடலாகாத உறவு என்பதால் கட்டளையிடப்பட்டது.

ஆகவே தலைமைப் பொறுப்பில் இருப்போரிடம், அது ஜமாஅத்தாயினும் ஊராட்சியாயினும் ஆலையாயினும், நாம் வேண்டுவது அதிகமன்று. மக்கள் ஏற்கெனவே கூடிப் பேசுகிற இடம் எதுவென்று அறிந்து அங்கே செல்லுங்கள். நாற்காலியை விலக்குங்கள். மூவேந்தவேளானைப் போல் உடனிருங்கள். முடிவு அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். கையை விரித்துக் காட்டுங்கள். சோமாசிப் பெருமாள் போல் இரண்டாண்டுக்குள் மறுமுறையும் செல்லுங்கள். யார் வரவில்லை என்று கேளுங்கள். அவரையே முதலில் அழைத்து வாருங்கள்.

தலைமை இல்லாத நம்மைப் போன்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. தலைவர் வரவில்லையே என்று குறைகூறுவதோடு நில்லாமல், அந்த மோதினார் செய்ததைச் செய்யலாம். நாலுபேரைப் பாயில் அமர்த்திவிட்டு, வீட்டுக் கதவைப் போய்த் தட்டலாம். எரிக்க வேண்டிய கதவுகள் உலகில் சிலவே. தட்டினால் திறக்கும் கதவுகளே மிகப் பல.